கத்திப் பிடிக்குப் பூண் வார்க்க எந்த உலோகம் ஏற்றது?

சமையல் கத்தி ஒன்றுக்குப் புளிய மரப்பிடி போட்டிருப்பதாகவும், பிடியின் முன்முனைக்கும் அடிமுனைக்கும் தகட்டுப் பூண் மாட்டாமல், உலோகத்தை உருக்கி நேராகப் பிடியின் மேலேயே ஊற்றிப் பூண் வார்க்க விரும்புவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கையில் இருப்பவை வீட்டு காஸ் அடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும். பழைய பேட்டரி ஈயம், கார் சக்கரத்தில் பொருத்தும் எடைக்கட்டி, சால்டர் கம்பி, பழைய கார்பரேட்டர் உடல் ஆகியவை எளிதில் கிடைக்கும் என்கிறார். பூண் வார்க்கக்கூடியவற்றில் மிகக் குறைந்த சூட்டில் உருகும் உலோகம் எது என்பது முதல் கேள்வி; எருமைக் கொம்புப் பிடிக்கும் இதே முறை ஒத்துவருமா என்பது இரண்டாவது. கேட்டிருப்பது உருகுநிலையைப் பற்றித்தான் என்றாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைவிடப் பெரியது: மரத்தைக் கருக்காமல், அலகின் பதத்தைக் கெடுக்காமல், நறுக்கும் காய்கறியில் நஞ்சு சேராமல், பல ஆண்டுகள் கையில் புழங்கினாலும் ஆடாமல் நிற்கும் உலோகம் எது?

நான் உலோகவியல் படித்து, கோயம்புத்தூர் வார்ப்படக் கூடங்களில் வேலை பார்த்தவன். கத்திக்குப் பிடி போடுவது ஓய்வு நேரப் பழக்கம். ஆகவே கீழே வரும் உருகுநிலைகளும் கலவை விகிதங்களும் நிலைபெற்ற செய்திகள். அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அச்சுக் கட்டுவதும் ஊற்றும் பக்குவமும் என் கைக்குச் சரிப்பட்டவை. வேறு முறையில் செய்தும் நல்ல பூண் எடுப்பவர்கள் உண்டு. உடல்நலம் பற்றி நான் சொல்வது வார்ப்படத்தில் புதிதாகச் சேர்பவருக்குச் சொல்லித் தரும் அளவுதான். அதற்கு மேல் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உருகுநிலை குறைவாக இருப்பது மட்டுமே மரத்தைக் காப்பாற்றாது. ஊற்றிய உலோகம் உறைந்து ஆறும்வரை எவ்வளவு வெப்பத்தை மரத்துக்கும் எஃகுக்கும் கொடுக்கிறது என்பதே கணக்கு. வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸில் உருகும். அதை 280 டிகிரியில் ஊற்றினால், ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் அறைச் சூட்டுக்கு வருவதற்குள் ஏறத்தாழ 850 ஜூல் வெப்பத்தை விடுகிறது. காரீயம் (லெட்) 327 டிகிரியில்தான் உருகும். இருந்தும் அதே அளவு காரீயம் விடும் வெப்பம் 750 ஜூலை ஒட்டியே இருக்கும். 420 டிகிரியில் உருகும் துத்தநாகத்துக்கு இது சுமார் 2000. 660 டிகிரியில் உருகும் அலுமினியத்துக்கு 2800-ஐத் தொடும். மரப்பிடியின் மேல் அலுமினியம் ஊற்றினால் மரம் தீப்பற்றுவதும், வெள்ளீயம் ஊற்றினால் மேல்தோல் மட்டும் பழுப்பேறுவதும் இதனால்தான். வெள்ளீயமும் காரீயமும் மரத்துக்குத் தாங்கக்கூடியவை, துத்தநாகம் எல்லையைத் தாண்டியது, அலுமினியத்தைப் பேச வேண்டியதே இல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அலகின் பக்கம் நிலைமை வேறு. கரிம எஃகுச் சமையல் கத்தியைக் கடினப்படுத்திய பிறகு, பொதுவாக 180 முதல் 220 டிகிரிக்குள் மறுபடி சூடாக்கிப் பதம் இறக்குவார்கள். அதற்கு மேற்பட்ட சூடு எந்த இடத்தில் ஏறுகிறதோ அந்த இடத்தில் எஃகு மெதுவாக இன்னும் மென்மையாகும். பூணின் உள்ளே மறையும் வால்பகுதி, அதாவது பிடிக்குள் போகும் அலகின் நீட்சி, மென்மையானால் கேடில்லை. அது சற்று இளகியிருப்பது நல்லதுங்கூட. கூர்விளிம்புக்குச் சூடு ஏறக் கூடாது, அவ்வளவுதான். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஊற்றுவதற்கு முன், பூணுக்கு அடுத்து வெளியே தெரியும் எஃகை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து வையுங்கள். சூடு ஏறினால் அந்த இடம் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறமாகும், 280-ஐ ஒட்டி ஊதாவாகும், 300-ஐ ஒட்டி நீலமாகும். வைக்கோல் நிறம் பூணை ஒட்டி நின்றுவிட்டால் அலகு தப்பியது என்று பொருள். நீலம் கூர்விளிம்புவரை ஓடியிருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது; அந்த மூலை இனிக் கூர் பிடிக்காது.

இனி உங்களிடம் உள்ளவற்றைப் பார்ப்போம். காரீயத்தை ஒதுக்கிவிடுங்கள், குறிப்பாகப் பேட்டரி ஈயத்தை. உருக்கும்போது வரும் ஆவியை நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1749 டிகிரியில் என்பதால், அடுப்புச் சூட்டில் எழும் ஆவி சொற்பமே. பெரிய கேடு, மேலே படியும் கசட்டுத் தூளிலும், பூணை அரத்தால் ராவும்போது விழும் பொடியிலும், பிறகு தினமும் அதைப் பிடிக்கும் கையிலும் இருக்கிறது. பேட்டரித் தகட்டில் உலோகத்தைவிட ஈய ஆக்சைடும் சல்பேட்டும்தான் அதிகம். போதாக்குறைக்கு, கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் சேர்ந்த பேட்டரி ஈயத்தின் கசடு ஈரம் பட்டால் நச்சு வாயுக்களை வெளியிடக்கூடியது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உருக்குவது எந்தக் காரணத்துக்காகவும் தகாது. சக்கர எடைக்கட்டிகள் முன்பு காரீயத்தில் வந்தன, இப்போது துத்தநாகத்திலும் எஃகிலும் வருகின்றன. பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. சால்டர் கம்பியில் பழைய வகை, வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்தது. 183 டிகிரியில் தண்ணீராக உருகி, அதே டிகிரியில் சட்டென்று உறையும் அருமையான கலவை. சமையல் கத்திக்கு அதுவும் ஆகாது.

மிகக் குறைந்த சூட்டில் உருகுவது எது என்ற கேள்விக்கு நேரடி விடை இந்தப் பட்டியலிலேயே இல்லை. பிஸ்மத், காரீயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்த உட்ஸ் மெட்டல் 70 டிகிரியில் உருகிவிடும். கொதிக்கும் நீரில் போட்டாலே ஓடிவிடும். அதனாலேயே அது பிடிக்கு ஆகாது, காட்மியமோ காரீயத்தைவிடக் கொடியது. காட்மியமும் காரீயமும் இல்லாத, பிஸ்மத் 58, வெள்ளீயம் 42 என்ற கலவை 138 டிகிரியில் உருகும். மரத்தைச் சுடாத உலோகம் இது. ஆனால் பிஸ்மத் மிகுந்த கலவை நொறுங்கும் தன்மையுடையது. கத்தி ஒருமுறை கைதவறிக் கடப்பைக்கல் மேடையில் விழுந்தால் பூணின் ஓரம் பிளந்துகொள்ளும். கேள்விக்கு எழுத்துப்படி சரியான விடை இதுதான், என்றாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலங்காரமாக மாட்டி வைக்கும் கத்திக்கு வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

பழைய கார்பரேட்டர் உடல்களில் பல துத்தநாகக் கலவை, சில அலுமினியம். துத்தநாகத்தோடு 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த ஜாமக் 385 டிகிரியை ஒட்டி உருகுகிறது. வெள்ளீயக் கலவைகளைவிட மூன்று நான்கு மடங்கு கடினமானது என்பதால் ஆசை வருவது இயல்பு. தனி அச்சில் வார்த்து, பிறகு பிடியில் பொருத்துவதற்கு அது நல்ல உலோகம். மரத்தின் மேல் நேராக ஊற்றினால் மரம் கரியாகி, பூணுக்கும் பிடிக்கும் நடுவே கரித்தூள் மட்டுமே மிஞ்சும்; சில மாதங்களில் பூண் ஆட்டம் காணும். மேலும் இரண்டு செய்திகள். ஜாமக்கில் காரீயமோ வெள்ளீயமோ மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், உலோக மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடி, ஆண்டுகள் கழித்து வார்ப்பு வீங்கி வெடிக்கும்; ஆகவே ஒரே கரண்டியில் இன்று துத்தநாகமும் நாளை வெள்ளீயமும் உருக்கக் கூடாது. அடுத்து, புளியும் எலுமிச்சையும் துத்தநாகத்தை அரித்துக் கரைக்கும். நம் சமையலறையில் எந்தக் கத்தியும் இவ்விரண்டிலிருந்தும் தப்பாது என்பதால் முன்பூணுக்கு அதை வைக்க மனம் வரவில்லை.

எஞ்சுவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இந்த உலோகந்தான். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து மறந்து போனால் ஒழுகி ஓடிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. புளிச்சாறு அதில் தினமும் கொதித்தும் தீங்கில்லாமல் வழங்கி வந்திருக்கிறது. ஆனால் தனி வெள்ளீயம் மிக மென்மையானது, விரல் நகத்தால் கீறினாலே தடம் விழும். பிரினெல் அளவில் அதன் கடினம் 5-ஐத் தாண்டாது. வெள்ளீயம் 92, ஆன்டிமனி 6, செம்பு 2 என்று சேர்த்தால் அதே அளவு 20-க்கு மேல் போகிறது; இதைத்தான் பியூட்டர் என்கிறார்கள். 244 டிகிரியில் உருகத் தொடங்கி 295-இல் முழுதும் திரவமாகும். இந்த 50 டிகிரி இடைவெளியில் உலோகம் கஞ்சிப் பதத்தில் இருப்பதால், சிறிய வெட்டுக்குழிகளிலும் அவசரப்பட்டு உறையாமல் நிரம்புகிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மரப்பிடிக் கத்திகளுக்குப் பியூட்டர் ஊற்றிப் பூண் வார்ப்பது வழக்கமாக இருந்தது. அங்குள்ள பூர்வகுடிகள் சிவப்புக் கல்லில் செதுக்கிய புகைக்குழாய்களில் குழி வெட்டிக் காரீயமும் பியூட்டரும் ஊற்றிப் பதித்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய நினைப்பதும் அந்தக் கைவேலைதான்.

ஆன்டிமனியையும் செம்பையும் வாங்கி வீட்டிலேயே கலவை சேர்க்க முயல வேண்டாம். ஆன்டிமனி உருகுவது 630 டிகிரியில், செம்பு 1085-இல். வெள்ளீயத்துக்குள் அவை கரையும் என்றாலும் அதற்கு வேண்டிய சூடும் நேரமும் காஸ் அடுப்புக்கு அப்பாற்பட்டவை, ஆன்டிமனித் தூளும் நஞ்சு. கலவை தெரிந்த கட்டியாக வாங்குவதே நல்லது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, காரீயமில்லாத சால்டர் எங்கும் பரவிவிட்டது. வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 என்ற கலவை 227 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்பது 217-இலிருந்து 220-க்குள் உருகும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் கம்பியாக வாங்காமல் கட்டியாகக் கேளுங்கள். கம்பியின் நடுவில் பிசின் இருக்கும்; அது புகைந்து கசடாக மிதக்கும். செம்பு மட்டும் சேர்ந்த கட்டி சற்று மென்மைதான். வெள்ளி சேர்ந்தது அல்லது வெள்ளீயம் 95, ஆன்டிமனி 5 கொண்ட, தண்ணீர்க் குழாய் வேலைக்கான சால்டர் கிடைத்தால் அதுவே மேல். கடையில் வெறுமனே ஈயம் என்று கேட்டால் காரீயத்தைக் கொடுத்துவிடக்கூடும். வெள்ளீயம் என்று சொல்லி, கலவை விகிதம் அச்சிட்ட கட்டியையே வாங்குங்கள்.

இன்னொரு வழி எங்கள் பக்கத்தார் அறிந்தது. பழைய ஆயில் எஞ்சின் பேரிங்குகளில் ஊற்றும் ஒயிட் மெட்டலில் ஒரு வகை, வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, செம்பு 3.5 கொண்டது. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்தது இது. கலவையைப் பார்த்தால் பியூட்டரின் நெருங்கிய உறவு. கொஞ்சம் கூடுதல் கடினம், முழுதாக உருக 354 டிகிரி வேண்டும் என்பது குறை. பட்டறையில் கழித்துப் போட்ட ஒயிட் மெட்டலை எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் காரீயத்தை அடிப்படையாகக் கொண்ட ஒயிட் மெட்டலும் அதே பெயரில், அதே நிறத்தில் புழங்குகிறது.

கையில் உள்ள கட்டி எது என்று சோதிக்க எடைதான் நம்பகமான வழி. கட்டியைத் தராசில் நிறுத்து, பிறகு நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அடியில் படாமல் தொங்கவிட்டால், கூடும் எடை கிராமில் எவ்வளவோ அவ்வளவு கன சென்டிமீட்டர் அதன் கன அளவு. எடையைக் கன அளவால் வகுக்க 7.3 வந்தால் வெள்ளீயம், 8.4 வந்தால் பழைய சால்டர், 11.3 வந்தால் காரீயம். துத்தநாகம் 7.1 என்பதால் வெள்ளீயத்தோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு; மெல்லிய குச்சியாக வார்த்துக் காதருகே வைத்து வளைத்தால், வெள்ளீயம் நறநறவென்று ஒலி எழுப்பும். வெள்ளைத்தாளில் தேய்த்துச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று கொள்ளலாம். கோடு விழாததால் இல்லை என்று கொள்ள முடியாது. எடைச் சோதனையும் 3, 4 விழுக்காடு காரீயத்தைக் காட்டிக் கொடுக்காது. தங்கம் பரிசோதிக்கும் கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவி காரீயம் இருப்பதைக் காட்டும், ஆனால் அது தங்கத்துக்கு அளவு செய்யப்பட்டது என்பதால் அதன் விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதனால்தான் சமையல் கத்திக்குப் பழைய உலோகம் எதையும் நான் பயன்படுத்துவதில்லை.

வார்க்கும் வேலைக்கு வருவோம். பூண் வரும் இடத்தில் மரத்தை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இறக்கிச் செதுக்குங்கள். அதைவிட மெலிந்தால் உலோகம் சுற்றி வருவதற்குள் உறைந்து, நடுவில் சேராமல் கோடு விட்டுவிடும். வெள்ளீயம் மரத்தில் ஒட்டாது, சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். எனவே இரு பக்கத்தையும் இணைக்கும்படி குறுக்கே ஒன்றிரண்டு துளைகளும், உள்ளே அகன்ற சில வெட்டுக்குழிகளும் போட்டு வையுங்கள். உறைந்து ஆறும்போது வெள்ளீயம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குவதால், வாலையும் மரத்தையும் இறுகக் கவ்வும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகி உலோகத்துக்குள் குமிழ் விடும், கூடுதலாக இருந்தால் உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். வெயிலில் பல நாள் காயவைத்த பிடியையும், ஊற்றுவதற்கு முன் 100 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்தெடுப்பது என் வழக்கம்.

முன்பூணுக்குக் கத்தியை அலகு மேல்நோக்கி நிற்கும்படி வைஸில் பிடியை இறுக்கி, கெட்டியான அட்டையைப் பிடியைச் சுற்றி இரண்டு மடிப்பாகச் சுற்றி, நூலால் கட்டி, அடி விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அது முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அட்டை பூணின் உயரத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கட்டும். அந்த மிச்ச உலோகம், கீழே உள்ளது உறைந்து சுருங்கும்போது இறங்கி நிரப்பும்; பிறகு அறுத்துவிடலாம். அலகின் கூரைத் தடித்த துணிப்பட்டையால் மறைத்து, அச்சுக்குச் சற்று மேலே இரண்டு தடித்த அலுமினியத் துண்டுகளைக் கவ்வியால் அழுத்தி வைத்தால், அலகில் ஏறும் சூட்டை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்துணி சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஊற்றும் வாய்க்கு நேர்மேலே தண்ணீர் சொட்டும் பொருளை வைக்க எனக்குத் துணிவில்லை. கரண்டியையும் வாலையும் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள்.

சூட்டை அறிய தெர்மோகப்பிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், காய்ந்த மரக்குச்சியை உருகிய உலோகத்தில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுங்கள். குச்சி பழுப்பேறிக் கருகத் தொடங்கினால் பதம் சரி, நெருப்புப் பிடித்தால் சூடு அதிகம், நிறமே மாறாவிட்டால் குறைவு. பட்டாணியளவு தேன்மெழுகைப் போட்டுக் கிளறிக் கசட்டை ஒதுக்கி, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். இடையில் நின்றால் இரண்டும் சேராது. கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு, திறந்த சன்னல் ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். அந்தக் கரண்டி பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. ஆறிய பின் ராவும்போது வெள்ளீயம் அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும். அரத்தின் மேல் முன்பே சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் பொடி உதிர்ந்து விழும்.

இரண்டு சிறு ஐயங்கள் எழக்கூடும். வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே சாம்பல்பொடியாக மாறும் என்பது உண்மை. சமவெளியில் அதற்கு வாய்ப்பில்லை. குளிர்ப் பகுதிகளிலும் ஆன்டிமனி கலந்த உலோகத்தில் அந்த மாற்றம் நடப்பதில்லை என்றே கொள்ளலாம். 1812-இல் நெப்போலியன் படையினரின் சட்டைப் பொத்தான்கள் இப்படி உதிர்ந்தன என்று சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. மற்றொன்று துரு. ஈரத்தில் வெள்ளீயமும் எஃகும் ஒட்டியிருந்தால் துருப்பிடிப்பது எஃகுதான், ஆகவே பூணும் அலகும் சேரும் கோட்டில் தண்ணீர் தங்க விடாதீர்கள். வாலின் அந்த இடத்துக்கு முன்கூட்டியே நவச்சாரம் போட்டு வெள்ளீயம் பூசி, வெந்நீரில் கழுவிக் காயவைத்து, பிறகு பிடியில் ஏற்றி வார்த்தால் உலோகம் எஃகோடு ஒட்டிக்கொண்டு இடுக்கு விழாது.

எருமைக் கொம்பின் மேல் நேராக ஊற்ற வேண்டாம். கொம்பு வெள்ளீயத்தின் சூட்டுக்கு வெகு முன்பே இளகி வளையத் தொடங்கும், பிறகு முடி கருகும் நாற்றத்தோடு கருகும். கொம்பின் அளவிலேயே மரத்தில் ஒரு மாதிரி செய்து, அதன்மேல் பூணை வார்த்து, மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, கிடைத்த பூணைக் கொம்பில் எபாக்சி கொண்டு பொருத்துங்கள். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையை நேராகக் கொம்பின் மேல் ஊற்றி நான் பார்த்ததில்லை. செய்வதானால், உண்மையான பிடியில் ஊற்றும் முன் கழிவுக் கொம்புத் துண்டு ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.